இரண்டாவது ஈ.சி.ஜி.யை எடுங்கள்: வாவிக்கரை வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஒரு திறந்த மடல்



ஏறாவூர் தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரை எழுவான்கரையின் ஆதார வைத்தியசாலைகளிலும், படுவான்கரையின் சிறிய வைத்தியசாலைகளிலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மாரடைப்போடு வருகிறவர்களைக் கையேற்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பெரிய வைத்தியர், பயிற்சி வைத்தியர், இரவுக் கடமைத் தாதி என்று பிரிக்கவில்லை. நான் கேட்கப்போகும் காரியம் உங்களில் எவராலும் நடத்தி வைக்கக் கூடியது. எல்லோரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டால் நடக்காமலே போகக் கூடியது.

கேட்பது இதுதான். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏற்றத் தொடங்கி அறுபதாவது நிமிடத்துக்கும் தொண்ணூறாவது நிமிடத்துக்கும் இடையில் இன்னொரு ஈ.சி.ஜி. எடுங்கள். அதை முதலில் எடுத்த ஈ.சி.ஜி.க்குப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். அளந்ததை நோயாளியின் டிக்கட்டில் எழுதுங்கள். எழுதியது சொல்கிறபடி அடுத்த முடிவை அந்த வேளையிலேயே எடுங்கள். காலை வார்ட் றவுண்ட் வரை வைத்திருக்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தர நான் வரவில்லை. இது உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளது, பரீட்சையில் எழுதியிருக்கிறீர்கள். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். என் மனவருத்தம் எல்லாம், எல்லோருக்கும் தெரிந்த இந்தக் காரியம் ஒவ்வொரு நோயாளிக்கும், ஒவ்வொரு இரவிலும் நடப்பதில்லை என்பதுதான்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "ஊசி போட்டாச்சாம், இனிப் பயமில்லையாம்." ஒருவர் மற்றவருக்கு அழைப்பெடுத்துச் சொல்வார். ஆரையம்பதியில் இருந்து கொக்கட்டிச்சோலைக்கு, கொக்கட்டிச்சோலையில் இருந்து கட்டாருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும். அவர்கள் அப்படி நம்புவது இயல்பு. நீங்கள் அப்படி நம்பக் கூடாது. கஸ்டோ (GUSTO) என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியாக, ஊசி போட்ட நோயாளரின் இதய நாடிகளைத் தொண்ணூறாவது நிமிடத்தில் படம்பிடித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1993இல் வெளிவந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைப் பெற்றவர்களில் நாடி முழுமையாகத் திறந்து இரத்தம் இயல்பாக ஓடியது பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான். அரைகுறையாகத் திறந்தவர்களையும் சேர்த்தால் ஆறு பேரளவில் வரும். மீதி நாலு பேருக்கு ஊசி போட்டும் நாடி அடைத்தபடியே கிடந்தது. அதே ஆய்வில் இருந்த விலை கூடிய இன்னொரு மருந்திலும் முழு ஓட்டம் திரும்பியது பாதிப் பேரை விடக் கொஞ்சம் கூடுதலானவர்களுக்கே.

ஸ்ட்ரெப்டோகைனேஸைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1986இல் இத்தாலியில் 11,806 பேரையும், 1988இல் பல நாடுகளில் 17,187 பேரையும் வைத்து நடந்த ஆய்வுகளில், உயிர் காக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட மருந்து அது. பெரிய இயந்திரங்கள் எட்டாத ஊர்களில் அதுவே எங்கள் முதல் துணை. ஆனால் உங்கள் கட்டிலில் படுத்திருப்பவர் அந்த ஆறு பேரில் ஒருவரா, நாலு பேரில் ஒருவரா? அதை அறியாமல் அந்த இரவைக் கடத்துவது சரியில்லை என்கிறேன்.

அறிய வழி இருக்கிறது. அதற்கு வேண்டிய இயந்திரம் உங்கள் மூலையிலேயே நிற்கிறது. நாடி அடைபட்டு இதயத் தசை இரத்தமின்றித் தவிக்கும்போது ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி மேலே எழும்பி நிற்கும். 1920இல் நியூயோர்க்கின் ஹரோல்ட் பார்டீ எழுதிவைத்தது இது. அடைப்புத் திறந்து இரத்தம் தசைக்குள் திரும்பினால் அந்த உயர்வு இறங்கும். எவ்வளவு இறங்கினால் எவ்வளவு நம்பலாம் என்பதை 1994இல் ஜெர்மனியின் ரோல்ஃப் ஷ்ரோடர் தரம் பிரித்துக் காட்டினார்: எழுபது வீதத்துக்கு மேல் இறங்கியவர்கள் ஒரு வகை, முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் நின்றவர்கள் ஒரு வகை, முப்பதைக்கூட எட்டாதவர்கள் ஒரு வகை. கடைசி வகையில் மரணம் மிக அதிகம். இப்போதைய சர்வதேச வழிகாட்டிகள் வேலையை இன்னும் இலகுவாக்கிவிட்டன. எந்த லீட்டில் உயர்வு ஆகக் கூடுதலாக இருந்ததோ அதைப் பாருங்கள். அறுபது முதல் தொண்ணூறு நிமிடத்தில் அந்த உயர்வு பாதியாகவாவது இறங்கியிருக்க வேண்டும். நாலு மில்லிமீற்றர் இருந்தது இரண்டுக்கு வரவேண்டும். மூன்றரையில் நின்றால் ஊசி தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டே மேலே யோசிக்க வேண்டும். ஈ.சி.ஜி. தாளில் சின்னச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர். எண்ணத் தெரிந்தால் போதும்.

வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மாரி வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுகிறோம். வெட்டிய கையோடு எவரும் வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. படுவான்கரை வயலில் தண்ணீர் இறங்குகிறதா என்று வரம்பில் நின்று பார்க்கிறோம். இறங்கவில்லை என்றால் வெட்டியது போதவில்லை என்று அறிகிறோம். ஊசி போடுவது மணலை வெட்டுவது. இரண்டாவது ஈ.சி.ஜி. வரம்பில் நின்று பார்ப்பது.

"நோயாளியிடமே கேட்கிறோமே, நோ குறைந்ததா என்று" எனச் சிலர் சொல்லக் கூடும். கேட்க வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நெஞ்சு நோவோடு வந்தவருக்கு மோர்ஃபின் கொடுத்திருப்பீர்கள். மோர்ஃபின் நோவை அடக்கும், நாடியைத் திறக்காது. நீரிழிவு பல வருடம் இருந்தவருக்கு நோவே சரியாகத் தெரியாமல் போகலாம். எங்கள் கரையில் நீரிழிவு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கும் மேலே, எங்கள் சனங்களின் சுபாவம் ஒன்று இருக்கிறது. டொக்டர் வந்து குனிந்து "இப்ப எப்படி ஐயா?" என்று கேட்டால், நோவோடு கிடந்தாலும் "இப்ப நல்ல சுகம்" என்றே சொல்வார்கள். அது மரியாதை. உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற எண்ணம். அந்த மரியாதையை மருத்துவக் குறிப்பாக எழுதிவிடாதீர்கள்.

என் அண்ணனுக்கு நடந்தது அதுதான். வயல்காரர், நீரிழிவும் உண்டு. ஒரு வைத்தியசாலையில் நேரத்துக்கே ஊசி போட்டார்கள். அதற்கு நான் என்றும் நன்றி உள்ளவன். ஊசி முடிந்தபின் வந்து கேட்டவர்களிடம் அவர் சுகம் என்றார். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இரவில் மறு ஈ.சி.ஜி. எடுக்கப்படவில்லை. விடிந்து எடுத்தபோது எழும்பிய கோடு எழும்பியபடியே நின்றது. அப்போது ஓட்டம் தொடங்கியது: தொலைபேசி, அம்புலன்ஸ், மாற்றல் கடிதம். அவர் உயிர் தப்பினார். ஆனால் எக்கோ எடுத்தபோது இதயத் தசையின் ஒரு பக்கம் அசைவில்லாமல் கிடந்தது. வரம்பால் நடந்து வயல் பார்க்கப் போனவர் இப்போது முற்றத்தைத் தாண்டினால் மூச்சு வாங்குகிறார். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அன்றிரவு மற்றக் கட்டில்களுக்கு அவர்கள் ஓடிய ஓட்டத்தை நான் கண்ணால் கண்டேன். அந்த வைத்தியசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த வைத்தியசாலையிலும் இது நடக்கலாம் என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க்காரரின் நேரத்தைப் பற்றியும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மாரடைப்பு தொடங்கிய முதல் மணித்தியாலத்துக்குள் ஊசி ஏற்றினால் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 65 உயிர்கள் கூடுதலாகத் தப்பும் என்றும், இரண்டாவது மணித்தியாலத்தில் அது 37 ஆகக் குறையும் என்றும் 1996இல் கணித்தார்கள். படுவான்கரையில் முதல் மணித்தியாலம் வீட்டிலும் வழியிலுமே போய்விடும். "வாய்வுக் குத்து" என்று இஞ்சி குடித்துப் பார்ப்போம். பிறகு வாகனம் தேடுவோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன் துறையில் படகுக்குக் காத்து நின்ற காலத்தை நினைத்தால் நெஞ்சு பதறும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது இன்னொரு ஆறுதல். அப்படியிருந்தும் மாரியில் தாம்போதிகளுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கிரான் பக்கமும் வவுணதீவுப் பக்கமும் ஊர்கள் துண்டாகிப் போகின்றன. ஆகவே எங்கள் ஆட்கள் உங்களிடம் பிந்தித்தான் வருகிறார்கள். பிந்தி வந்தவரின் இரத்தக்கட்டி இறுகியிருக்கும். ஊசி தோற்கும் வாய்ப்பும் கூடும். வழியில் போன நேரத்துக்கு நாங்கள் பொறுப்பு. கட்டிலில் போகும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

ஊசி தோற்றது தெரிந்தால் என்ன செய்ய? இன்னொரு தரம் ஊசி போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். அதைத்தான் பிரித்தானியாவில் 427 பேரை வைத்துச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். ஊசி பலிக்காதவர்களை மூன்று கூட்டமாக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு மறுபடியும் ஊசி, ஒரு கூட்டத்துக்கு வழமையான மருந்துகள், மூன்றாவது கூட்டத்தை உடனே ஆஞ்சியோ கூடத்துக்கு அனுப்பி அடைப்பைத் திறந்தார்கள். ஆறு மாதத்தில் மரணமோ மறு மாரடைப்போ பக்கவாதமோ கடும் இதயச் செயலிழப்போ இன்றி இருந்தவர்கள் மூன்றாவது கூட்டத்தில் 84.6 வீதம். மற்ற இரண்டிலும் எழுபது வீதத்தை ஒட்டியே நின்றது. மறு ஊசியால் பலனில்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒருமுறை பெற்றவருக்கு உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகிவிடுவதால் அதையே திரும்ப ஏற்றவும் முடியாது. ஆகவே தோற்ற ஊசிக்கு மருந்து, அந்த வேளையில் விழித்திருக்கும் ஆஞ்சியோ கூடம் எதுவோ அங்கே நோயாளியைக் கொண்டுசேர்ப்பதுதான். அது தூரமாக இருக்கலாம். தூரம் என்பதே இன்னும் முந்திப் புறப்பட வேண்டியதற்குக் காரணம். நள்ளிரவில் தெரிந்தால் நள்ளிரவில் அனுப்பலாம். காலை எட்டு மணிக்குத் தெரிந்தால் போன தசை போனதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை, எங்களுக்குச் சரிவருமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டுகிறேன். கோயம்புத்தூரின் தோமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லாசரி ஆகிய இதய வைத்தியர்கள் சேர்ந்து, சிறிய வைத்தியசாலைகளைப் பெரிய இதயப் பிரிவுகளோடு கோத்து ஒரு திட்டம் நடத்தினார்கள். சின்ன வைத்தியசாலையில் எடுத்த ஈ.சி.ஜி. அங்கிருந்தே பெரிய வைத்தியசாலைக்குப் போனது. ஊசி போடக்கூடிய இடத்தில் ஊசி போட்டு, பின்னர் ஆஞ்சியோவுக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளரைப் பற்றிய அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. திட்டத்துக்கு முன் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 வீதம், பின் 14.2 வீதம். வயல் ஊர்களும் சிறு பட்டினங்களும் அதில் சேர்ந்திருந்தன. ஈ.சி.ஜி. ஒரு கட்டிலில் இருந்து, முடிவெடுக்கக் கூடிய ஒருவரின் கண்ணுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்கு இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள கைத்தொலைபேசியே போதும். நோயாளியின் பெயரை மறைத்து, இரண்டு ஈ.சி.ஜி.களையும் ஒரே படத்தில் எடுத்து, இதய வைத்திய நிபுணருக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருக்கு உண்மை தெரியும்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், இருப்பவர்கள் மேல் எவ்வளவு சுமை ஏறியது என்று நாடே அறியும். இரவில் ஒரு வைத்தியர் விடுதியையும் அவசரப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். ஈ.சி.ஜி. இயந்திரம் ஒன்று, அதை இரண்டு விடுதிகள் மாறி மாறி உருட்டிக்கொண்டு போகின்றன. தாள் ரோல் தீர்ந்திருக்கும். கிளிப் ஒன்று உடைந்து பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உங்களுக்கு மேலே இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்போம். உங்களிடம் கேட்பது, இருக்கிற ஒரு இயந்திரம் அந்தத் தொண்ணூறாவது நிமிடத்தில் அந்தக் கட்டிலுக்கு வந்துசேர வேண்டும் என்பது.

தாதியரிடம் தனியாகச் சில வார்த்தை. இந்தக் காரியத்தின் உயிர் உங்கள் கையில்தான். நெஞ்சில் ஆறு இடத்தில் லீட் வைக்கிறீர்கள். முதல் தரம் வைத்த இடத்திலிருந்து இரண்டாம் தரம் ஓரங்குலம் மேலே போனாலும் கோட்டின் உயரம் மாறிவிடும். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. முதல் ஈ.சி.ஜி. எடுத்தவுடனேயே அந்த ஆறு இடத்தையும் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. பெண்களுக்கு எடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. கூச்சத்தால் அவர்கள் சேலையை, அபாயாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்; எடுப்பவரும் அவசரத்தில் லீட்டை எங்கேயாவது ஒட்டிவிடுவார். ஒரு திரையை இழுத்துவிட்டு, பெண் தாதி ஒருவர் நின்று, "உம்மா, ஒரு நிமிசம், இதாலதான் உங்கட நெஞ்சைப் பார்க்கலாம்" என்று சொன்னால் மறுக்கும் தாய் ஒருத்தியும் இல்லை. பெண்களின் மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமல் களைப்பாகவும் மூச்சு முட்டலாகவும் வருவது ஆண்களை விட அதிகம். வாய்ச்சொல்லால் அறிய முடியாத அவர்களுக்கே இந்தக் கோடு இன்னும் தேவை.

விடுதிப் பொறுப்பில் உள்ள வைத்திய நிபுணர்களே, உங்களிடம் கேட்பது ஒரு றப்பர் முத்திரை. ஊசி தொடங்கிய நேரம், மறு ஈ.சி.ஜி. எடுத்த நேரம், ஆகக் கூடிய உயர்வு முன் எத்தனை மில்லிமீற்றர் பின் எத்தனை, பாதியாவது இறங்கியதா, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். ஊசி போட்ட ஒவ்வொருவரின் டிக்கட்டிலும் அந்த முத்திரை விழட்டும். வெறுமையாக இருக்கும் கோடு எவர் கண்ணையும் உறுத்தும். இரவில் கடமை மாறும்போது வருகிறவர் அதைக் கண்டே எடுத்துவிடுவார். அந்த முத்திரைக்கும் தாள் ரோலுக்கும் காசு இல்லை என்றால் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவிடம் சொல்லுங்கள். கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் அள்ளிக் கொடுக்கிற ஊர்கள் இவை. என்ன தேவை என்று கேட்டால் தருவார்கள். கேட்கப்படவில்லை என்பதே உண்மை.

கோடு நன்றாக இறங்கியவர்களையும் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கும் முதல் நாளுக்குள் ஆஞ்சியோ செய்து பார்ப்பதே நல்லது என்கின்றன வழிகாட்டிகள். எங்களுக்கு அது எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்கும் வரை மொனிற்றரை விட்டு இறக்காதீர்கள். திறந்த நாடி திரும்ப அடைபடலாம். இறங்கிய கோடு மறுபடி எழும்பலாம். நோ திரும்பினால் அந்த நேரமே இன்னொரு ஈ.சி.ஜி.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு ஈ.சி.ஜி.யின் பிரதியையும் குடும்பத்தின் கையில் கொடுங்கள். அடுத்த தரம் அவர் எந்த வைத்தியசாலைக்கு ஓடினாலும், பழைய கோடு எப்படி இருந்தது என்று அங்குள்ள வைத்தியருக்குத் தெரிய வேண்டும். அந்தத் தாள் சூடுபட்டால் கறுக்கும், வெயில்பட்டால் மங்கும். எங்கள் ஆட்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று லமினேட் பண்ணக் கொண்டுபோவார்கள்; அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும். போட்டோகொப்பி எடுத்து கிளினிக் கொப்பிக்குள் வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு முதற் காரணம் இதய நாடி நோய்தான். அந்த மரணங்களைத் தடுக்க மருந்து தந்திருக்கிறது அரசு. அதை ஏற்றும் கையும் அறிவும் உங்களிடம் இருக்கின்றன. இன்றிரவு கடமைக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள்: ஊசியை ஏற்றத் தொடங்கும் முன், முதல் ஈ.சி.ஜி.யின் ஓரத்தில் அடுத்ததை எடுக்க வேண்டிய நேரத்தை எழுதிவிடுங்கள். அந்த நேரம் வந்ததும், வேறு எந்தக் கட்டிலில் நின்றாலும், ஒருவரையாவது இயந்திரத்தோடு அங்கே அனுப்பிவிடுங்கள்.


படுவான்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்